துப்பறியும் குருவும் காணப்படாத மனிதனும்

துப்பறியும் கதைகளை இறையியல் மாணவர் வாசிப்பது தகுமா என்னும் வினா நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. இரயில் பயணத்தில் பொழுது போக்குவதற்கென எழுதப்பட்ட கதைகளுக்கும் பிரசங்க பீடத்திற்கும் யாது தொடர்பு என்று கேட்போர் உளர். ஆயினும், ஒருவன் கொல்லப்பட்டுக் கிடக்கிறான், செய்தவன் யார், அவனை நாம் ஏன் காணத் தவறினோம் என்பது விளையாட்டுக் கேள்வியன்று. ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில் காயீனிடம் கேட்கப்பட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுவே.

இங்கு நாம் ஆராய எடுத்துக்கொள்வது, ஜி. கே. செஸ்டர்டன் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரவுன் அடிகளாரின் கபடமின்மை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சிறுகதைத் தொகுதியாகும். இதில் பன்னிரண்டு கதைகள் உள்ளன. கதை முடிவுகளைச் சொல்லாமல் இவற்றை ஆராய்தல் இயலாது. ஆதலின், கதைகளை முன்னரே வாசித்துவிட்டு இக்கட்டுரைக்கு வருவது வாசகருக்கு நலமாயிருக்கும்.

நூலும் ஆசிரியரும்

செஸ்டர்டன் 1874இல் இலண்டனில் பிறந்து 1936இல் மறைந்தவர். கவிஞர், பத்திரிகையாளர், சமயத்துக்காக வாதாடியவர் எனப் பலவாறு அறியப்பட்டவர். பிரவுன் அடிகளார் என்னும் குட்டையான, வட்ட முகமுடைய, குடையைத் தவறவிடும் ரோமன் கத்தோலிக்கக் குருவை நாயகராக்கி அவர் எழுதிய கதைகள் 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகளாக வந்தன. அவற்றுள் முதலாவதே நம் கையிலுள்ள நூல். ஜான் ஓகானர் என்னும் குருவோடு செஸ்டர்டன் கொண்டிருந்த நட்பே இப்பாத்திரத்திற்கு வித்திட்டது. வெளியுலகம் அறியாத அப்பாவி என்று பிறர் எண்ணிய அக்குரு, மனிதரின் தீமையை எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தார் என்பது ஆசிரியரைத் திடுக்கிடச் செய்தது.

நம் வாசகர் ஒரு செய்தியை மனத்திற்கொள்ள வேண்டும். செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது 1922இல்தான். இத்தொகுதியை எழுதியபோது அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தவராகவே இருந்தார். ஆகவே இந்நூலில் நம் மரபினரைப்பற்றி வரும் கடுஞ்சொற்களை வெளியிலிருந்து எறியப்பட்ட கற்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டினுள்ளிருந்தே எழுந்த குரல் அது.

துப்பறியும் கதை தமிழருக்குப் புதியதன்று. பண்டித நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனின் கதைகளை 1894இலேயே வெளியிட்டார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்தனர். பிற்காலத்தில் ஆனந்த விகடனில் தேவன் படைத்த 'துப்பறியும் சாம்பு' பெரும்புகழ் பெற்றார். அசட்டு முகத்தோடு தோன்றும் சாம்புவும் பிரவுன் அடிகளாரும் வெளித்தோற்றத்தில் உறவினர்போல் காணப்படுவர். ஆனால் சாம்புவுக்கு அதிர்ஷ்டம் துணை நிற்கிறது; அடிகளாருக்கோ பாவ அறிக்கை கேட்டுக் கேட்டு வந்த அறிவு துணை நிற்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று.

தடயத்தை ஆராயாமல் தீர்ப்பளித்தலின் கொடுமையை நம் முன்னோர் இதற்கும் வெகு முன்னரே அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லனின் சொல்லை மட்டும் நம்பிய பாண்டியன், சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாராமலே கோவலனைக் கொல்வித்தான். சிலம்பு உடைந்தபின் உண்மை தெரிந்தது. அதனால் கோவலன் திரும்பவில்லை. யூத மரபில் தள்ளுபடி ஆகமங்களிலுள்ள சூசன்னாளின் கதையும் அத்தகையதே. அங்கே தானியேல் இரண்டு மூப்பர்களையும் தனித்தனியே அழைத்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று வினவி அவர்கள் பொய்யை வெளிப்படுத்துகிறான். இக்கதையைத் துப்பறியும் இலக்கியத்தின் மூலங்களுள் ஒன்றாகக் கொண்டு, டாரதி சேயர்ஸ் 1928இல் தொகுத்த பெருந்தொகையில் சேர்த்திருக்கிறார்.

பகுத்தறிவும் பாவ அறிவும்

முதற்கதையாகிய 'நீலச் சிலுவை'யில், பிளாம்போ என்னும் பெருங்கள்வன் குருவின் உடையணிந்து, அடிகளார் கொண்டுசெல்லும் விலையுயர்ந்த சிலுவையைக் கவர முயல்கிறான். பாரிசுப் போலீசுத் தலைவர் வாலன்டின் அவனைத் தேடி வருகிறார். அடிகளாரோ வழிநெடுகச் சிறு குழப்பங்களை வேண்டுமென்றே விளைவித்து, போலீசார் பின்தொடர்வதற்குத் தடம் இட்டுச் செல்கிறார். சிலுவையையும் முன்னதாகவே அஞ்சலில் அனுப்பிவிடுகிறார். தன்னுடன் வந்தவன் மெய்யான குருவல்லன் என்பதற்கு அவர் கூறும் காரணங்களுள் ஒன்று நம் வகுப்பறைக்கு ஏற்றது. அவன் பகுத்தறிவை இழித்துப் பேசினான், அது கெட்ட இறையியல் என்கிறார் அவர். விசுவாசத்தை உயர்த்துவதாக எண்ணி அறிவைத் தாழ்த்திப் பிரசங்கிக்கும் வழக்கம் நம் மேடைகளிலும் உண்டாதலால், இக்கதையை நாம் சிரித்துவிட்டு மூடிவைப்பதற்கில்லை.

அடுத்த கதையில் ஆசிரியர் வாசகரை உலுக்கிவிடுகிறார். முதற்கதையில் நீதியின் உருவமாக வந்த வாலன்டினே 'மறைவான தோட்டம்' என்னும் இரண்டாங்கதையில் கொலையாளி. சமயத்தின்மீது அவர் கொண்ட வெறுப்பு அவரை அவ்விடத்திற்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இதற்கு நேர்மாறாக, கள்வனாக வந்த பிளாம்போ 'பறக்கும் விண்மீன்கள்' என்னும் நான்காங்கதையில் திருடிய வைரங்களைத் திரும்பக் கொடுத்து மனந்திரும்புகிறான். பின்னர் அடிகளாரின் நண்பனாகித் துப்பறிவாளனாகவும் ஆகிறான். நல்லவர் ஒருபுறம், தீயவர் மறுபுறம் என்று கோடு கிழிப்பதே இவ்வகைக் கதைகளின் இயல்பு. செஸ்டர்டனோ நான்கே கதைகளுக்குள் அக்கோட்டை அழித்துவிடுகிறார்.

அடிகளாரின் முறை யாது? ஷெர்லக் ஹோம்ஸ் சாம்பலையும் காலடியையும் ஆராய்பவர். குற்றவாளியைப் புறத்தே நின்று நோக்குபவர். அடிகளாரோ குற்றவாளியின் உள்ளே புகுந்து பார்க்கிறார். 1927இல் வந்த தொகுதியில் அவரே இதனை விளக்குவார். அக்கொலைகளையெல்லாம் மனத்தளவில் தாமே செய்து பார்த்ததாகவும், அதனைத் தமக்கொரு ஆன்மிகப் பயிற்சியாகக் கொண்டதாகவும் அவர் கூறுகிறார். பிறன் கண்ணிலுள்ள துரும்பைப்பற்றிய ஆண்டவரின் போதனையை ஒரு துப்பறியும் முறையாகவே மாற்றிய ஆசிரியர் வேறொருவர் உளரா என்பதை நாம் அறியோம்.

உயரத்தில் நின்ற போதகர்

குருத்துவப் பணிக்கு ஆயத்தப்படுவோர் கட்டாயம் வாசிக்கவேண்டிய கதை 'தேவனுடைய சம்மட்டி'. ஒரு சிற்றூரில் துன்மார்க்கனான கர்னல் ஒருவன் கோயிலுக்கருகே மண்டை நொறுங்கிக் கிடக்கிறான். பக்கத்தில் கிடப்பதோ ஒரு சிறிய சம்மட்டி. அத்துணைச் சிறிய கருவியால் அத்துணைப் பெரிய அடி எங்ஙனம் விழுந்தது? கொல்லன்மேல் சந்தேகம், பிறகு ஊரிலுள்ள பேதை ஒருவன்மேல் சந்தேகம். உண்மையில் கொன்றவர் கர்னலின் சகோதரரும் அவ்வூர்ப் போதகருமாகிய வில்பிரட் போகன். கோயிலின் உச்சியிலிருந்து அவர் சம்மட்டியை நழுவவிட்டார். உயரமே அதற்குப் பலமூட்டியது.

அப்போதகர் தீயவர் அல்லர். ஜெபிக்கிறவர், தூயவர். ஆனால் மற்றவரோடு தரையில் முழங்காலிடுவதை விட்டு, கோபுரத்தின் உயரமான மூலைகளில் தனித்து ஜெபிக்கப் பழகியவர். அங்கிருந்து பார்க்கையில் கீழே நடமாடும் மனிதர் பூச்சிகளாகத் தோன்றினர். பூச்சியை நசுக்குவது பாவமாகத் தோன்றவில்லை. அடிகளார் அவரைக் கோபுரத்திலிருந்து கீழே அழைத்து வருகிறார். அவர் செய்ததையெல்லாம் அவருக்கே எடுத்துச் சொல்கிறார். உமக்கு எப்படித் தெரியும், நீர் பிசாசோ என்று போதகர் கேட்கிறார். தாம் ஒரு மனிதன், ஆதலால் எல்லாப் பிசாசுகளும் தம் உள்ளத்திலும் உண்டு என்பதே அடிகளாரின் விடை. அவரைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று கூறி, முடிவை அவரிடமே விட்டுவிடுகிறார். போதகர் தாமாகவே சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

'முறிந்த வாளின் அடையாளம்' நம்மை இன்னும் நேராகத் தாக்குகிறது. நாடே சிலை வைத்துப் போற்றும் படைத்தலைவன் சென்ட் கிளேர், இந்தியாவில் பணிபுரிந்த புராட்டஸ்டண்டு வீரன். வேதாகமத்தை ஓயாமல் வாசிப்பவன். தான் செய்த ஒரு கொலையை மறைக்கும்பொருட்டு, தோற்பதற்கென்றே ஒரு போரை நடத்தி, ஒரு பிணத்தைப் பிணக்குவியலுள் ஒளிக்கிறான். தன் இச்சைக்கும் கொடுங்கோன்மைக்கும் வேண்டியவற்றை மட்டும் பழைய ஏற்பாட்டிலிருந்து அவன் எடுத்துக்கொண்டான் என்பது அடிகளாரின் தீர்ப்பு. ஒவ்வொருவர் கையிலும் வேதத்தைக் கொடுத்ததே நம் மரபின் பெருமை. அப்பெருமையின் நிழலை இக்கதை காட்டுகிறது. சபையோடு சேர்ந்து, ஏழையோடும் எதிரியோடும் சேர்ந்து வாசிக்காதவன், வேதத்தில் தன் முகத்தையே கண்டு அதற்கு ஆமென் சொல்லுவான்.

காணப்படாத மனிதன்

இத்தொகுதியில் நம் நெஞ்சைவிட்டு அகலாத கதை 'காணப்படாத மனிதன்'. ஸ்மைத் என்பவன் வீட்டு வேலைகளைச் செய்யும் தலையற்ற இயந்திரப் பணியாளரைச் செய்து விற்றுச் செல்வனானவன். அவனுக்குக் கொலை மிரட்டல் வருகிறது. அவன் குடியிருக்கும் மாளிகையின் வாயிலைக் கவனிக்குமாறு நால்வர் ஏற்படுத்தப்படுகின்றனர். திரும்பி வந்து கேட்டபோது, எவரும் உள்ளே போகவில்லை என்று நால்வரும் உறுதி கூறுகின்றனர். ஆனால் பனிமேல் காலடிகள் தெரிகின்றன. ஸ்மைத்தின் உடலையும் காணவில்லை. கொலைசெய்தவன் தபால்காரன். அவன் எல்லார் கண்ணெதிரிலும் உள்ளே சென்று, உடலைத் தன் பையிலேயே சுமந்து வெளியே வந்தான். அந்நால்வரும் பொய் சொல்லவில்லை. யாராவது வந்தார்களா என்று கேட்டால், கேட்பவர் மனத்திலுள்ள 'யாராவது' என்னும் சொல்லுள் தபால்காரன் அடங்குவதில்லை என்பதே விடை.

'விநோதக் காலடிகள்' என்னும் கதையும் இக்கருத்தினதே. செல்வர் விருந்துண்ணும் விடுதியில் பிளாம்போ பரிசாரகரிடையே கனவானைப்போலவும் கனவான்களிடையே பரிசாரகனைப்போலவும் நடந்து வெள்ளிப் பாத்திரங்களைக் கவர்கிறான். இரு வகுப்பாரும் அணிந்திருப்பது ஒரேவகைக் கறுப்பு உடை. இரு வகுப்பாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இக்கதைகளை நாம் வேடிக்கையாகவே வாசித்திருந்தோம். சில ஆண்டுகளுக்குமுன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிறு சபையைக் கவனிக்கும் பொறுப்பு நமக்கிருந்தது. ஒரு திங்கட்கிழமை, கோயிலிலிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் காணோம். கோயில்பிள்ளையும் அன்று விடியற்காலையிலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தார். அவர் கைப்பேசியோ அணைந்திருந்தது. சபைக் குழு கூடிற்று. ஞாயிறு ஆராதனைக்குப்பின் யார் உள்ளே வந்தார் என்று மூன்றுமுறை கேட்டோம். எவரும் வரவில்லை என்றே மூன்றுமுறையும் விடை வந்தது. அதனைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டோம். பதினெட்டு ஆண்டுகள் மணியடித்த அம்மனிதர்மேல் சந்தேகம் விழுந்தது.

வியாழக்கிழமையன்று உண்மை தெரியவந்தது. தண்ணீர்க் கேன் போடும் ஒடிசா மாநிலத்து இளைஞர் ஒருவர் திங்களன்று இருமுறை கோயிலுக்குள் வந்திருந்தார். தமக்கை இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட கோயில்பிள்ளை, இரைந்துகொண்டிருந்த பெட்டியைப் பொன்னேரியில் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதனை ஆட்டோவில் ஏற்றிவிட்டவரே இந்த இளைஞர். ஐயாவிடம் சொல்லிவிடு என்றும் கோயில்பிள்ளை அவரிடம் கூறியிருந்தார். அவரும் காலிக் கேன் எடுக்க வந்தபோது, தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொல்லத்தான் தொடங்கினார். "சரி சரி, கேனை எடுத்துக்கொண்டு போப்பா" என்று விடை கூறி அனுப்பியவர் நாமே.

அன்றிரவு இக்கதையை மீண்டும் எடுத்து வாசித்தோம். இம்முறை நகை தோன்றவில்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர்வண்டியில் மாலைநேரத்தில் செல்பவர், வேலைமாற்றத்திற்காக இறங்கி நடக்கும் தொழிலாளர் திரளைக் காணலாம். இரும்பாலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் உழைக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர் அவர்களுள் பலர். தகரக் கூரையின்கீழ் ஓர் அறையில் பலராய் உறங்குபவர். திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கற்பட்டிலிருந்து பிரிக்கப்பட்டதிலிருந்து இப்பகுதியின் தொழில் வளர்ச்சியைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். ஆனால் கூட்டத்திற்கு எவரேனும் வந்தனரா என்று கேட்டால், 'யாருமில்லை' என்னும் நம் விடையுள் இவர்கள் அடங்கிவிடுகின்றனர். ஈழத்திலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவ்வாறே அடங்கிவிடுகின்றனர்.

ஆசிரியர் காணத் தவறியவர்

இந்நூலை இவ்வளவு போற்றியபின் அதன் குறையையும் மறையாமற் கூறுதல் நம் கடமை. 'தவறான வடிவம்' என்னும் கதையில், கீழ்நாட்டுக் கனவுகளில் மூழ்கி அபினியுண்ணும் ஆங்கிலக் கவிஞன் ஒருவன் இறந்து கிடக்கிறான். அவன் வீட்டில் வெள்ளாடையணிந்த இந்தியர் ஒருவர் விருந்தினராக இருக்கிறார். கதை நெடுக அவர் இந்தியர் என்றே சுட்டப்படுகிறார். கொலைசெய்தவர் ஆங்கில மருத்துவரே, இந்தியர் குற்றமற்றவர். கதையின் கட்டமைப்பு அவரை விடுவிக்கிறது. ஆனால் கதையின் நாவு அவரை விடுவிக்கவில்லை. வளைந்த கத்தியையும் கீழ்நாட்டுக் கம்பளத்தின் கோலங்களையும் கண்டு, அவற்றின் வடிவமே தீயது என்று பிரவுன் அடிகளார் அருவருக்கிறார். எல்லாப் பிசாசுகளும் தம் உள்ளத்திலும் உண்டு என்று அறிந்த குரு, இங்கே ஒரு பிசாசைக் கம்பளத்தில் கண்டுவிட்டார். 1914இல் வந்த இரண்டாந்தொகுதியில் கறுப்பின மக்களைப்பற்றி வரும் சொற்கள் இதனினும் இழிவானவை. காலத்தின் குறை என்று கூறி இவற்றை மழுப்புதல் நேர்மையாகாது. தபால்காரனைக் காணாத நால்வரைக் கண்டுபிடித்த ஆசிரியர், தாமும் ஐந்தாமவராக அவ்வாயிலில் நின்றார் என்பதே உண்மை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. செஸ்டர்டனின் கதையில் காணப்படாத மனிதன், கொலைசெய்தபின்னரே காணப்படுகிறான். அவன் பை எவ்வளவு கனம், எத்தனை படி ஏறினான், என்ன கூலி பெற்றான் என்று கதை கேட்பதில்லை. அவன் குற்றவாளியாயிருப்பதால்தான் அவனைத் தேடவேண்டிய தேவை எழுந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வாசிக்கும் நமக்கோ கதை தலைகீழாகத் தோன்றுகிறது. இங்கே காணப்படாதவன் பெரும்பாலும் குற்றம் செய்தவன் அல்லன். குற்றத்திற்குச் சாட்சி அவன், சிலவேளை அதற்குப் பலியானவனும் அவனே. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் உலையருகே கருகினால், கொன்றவன் யார் என்று துப்பறிய எவரும் வருவதில்லை. அது விபத்து என்னும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. தனிமனிதனின் பாவத்தை இத்துணை நுட்பமாக அறிந்த ஆசிரியர், பலர் சேர்ந்து கையொப்பமிட்டுச் செய்யும் பாவத்தை ஆராய இவ்வடிவத்தில் இடங்காணவில்லை.

ஆயினும் அக்கதையின் இறுதிக் காட்சி நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. கொலையாளி அகப்பட்டபின் எல்லாரும் தத்தம் வீட்டிற்குத் திரும்புகின்றனர். அடிகளார் மட்டும் விண்மீன்களின்கீழ், பனி மூடிய மேடுகளில், அம்மனிதனோடு பல மணிநேரம் நடந்துகொண்டிருக்கிறார். அவர்கள் பேசிக்கொண்டது யாது என்பது எவருக்கும் தெரியாது என்று ஆசிரியர் கதையை முடித்துவிடுகிறார். துப்பறிவாளனின் வேலை எங்கே முடிகிறதோ, அங்கே குருவின் வேலை தொடங்குகிறது என்பதை இதனினும் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை எனலாம்.

முடிவுரை

இறையியல் மாணவருக்கு இந்நூலை நாம் பரிந்துரைக்கிறோம். ஆனால் இருமுறை வாசிக்குமாறு பரிந்துரைக்கிறோம். முதன்முறை அடிகளாரோடு நின்று, பாவத்தை உள்ளிருந்து அறியும் அவருடைய முறையைக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். போதகரின் உயரம் எத்தகைய ஆபத்து என்பதையும், தனித்து வாசிக்கப்படும் வேதம் எங்கே கொண்டுபோகும் என்பதையும் உணர்தல் வேண்டும். இரண்டாம்முறை, அவ்வீட்டில் பெயரின்றி நின்ற இந்தியரோடு நின்று, அடிகளாரையே நோக்கி வாசித்தல் வேண்டும். ஒருமுறை மட்டும் வாசிப்பவர் ஒன்றில் மயங்குவர், அல்லது வெறுப்பர்.

கோயில்பிள்ளை தம் தமக்கையின் காரியங்களை முடித்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயரோடு திரும்பி வந்தார். சபைக் குழு வருத்தம் தெரிவித்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். குறிப்பேட்டில் நாம் எழுதியிருந்த 'எவரும் வரவில்லை' என்னும் வரியை அடித்துவிடலாம் என்று செயலர் கூறினார். வேண்டா, அது அப்படியே இருக்கட்டும் என்றோம். அதன்கீழ் அந்த இளைஞரின் பெயரையும், அவர் வந்துபோன இரு வேளைகளையும் எழுதினோம். அதற்கு அவர் பெயரை முதலில் கேட்டறிய வேண்டியிருந்தது. ஓராண்டுக்கு மேலாக அவர் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்.